ஓ.டி.பி. சொல்வதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் பெரம்பூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அப்பாவின் இதய ஆபரேஷனுக்குக் காப்பீட்டுக் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது, பாலிசி எடுக்கும்போது பி.பி. இருந்ததை மறைத்ததாகச் சொல்லிவிட்டார்கள், பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜெண்ட் இப்போது போனையே எடுப்பதில்லை என்று எழுதி, கடைசியில் ‘ஏஜெண்டுகளை நம்பாதீர்கள்’ என்று முடித்திருந்தார். அந்த ஏஜெண்ட் நான் இல்லை. ஆனால் நானும் ஏஜெண்ட்தான். தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன், ஆறு வருஷமாக ஹெல்த் இன்சூரன்ஸ் விற்கிறேன். அந்த வாசகர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னதில் பாதி எனக்கே நன்றாகத் தெரிந்த கதை. மீதிப் பாதியை எங்கள் பக்கத்தில் இருந்து யாரும் எழுத மாட்டார்கள், எழுதினால் ஏஜெண்ட் கோடு, அதாவது பாலிசி விற்பதற்கான நம்பர், போய்விடும் என்று பயம். அதனால் பெயர் போடாமல் எழுதுகிறேன். நீளமாகப் போகும். வெட்டினாலும் பரவாயில்லை, சுகர் விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் எப்படி இதில் மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். 2019 வரைக்கும் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதரை, தீபாவளி மாசத்தில் பதினொன்று ஆகும். முட்டி வலி ஒரு பக்கம், பையன் பத்தாவது வந்துவிட்டான், வீட்டில் யாராவது இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மார்க்கெட் பக்கம் ஒரு கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. ‘பத்தாவது படித்தவர்கள் தேவை, மாதம் 25,000 முதல், நேரக் கட்டுப்பாடு இல்லை, குடும்பத் தலைவிகளுக்கு முன்னுரிமை.’ கம்பெனி பெயர் கிடையாது, போன் நம்பர் மட்டும். போனேன். ஏ.சி. ரூம், டீ, பிஸ்கட், ‘வாங்க மேடம்’. பதினோரு வருஷம் ‘ஏம்மா’ என்றே கூப்பிடப்பட்ட எனக்கு அந்த மேடத்திலேயே பாதி மயக்கம் வந்துவிட்டது.

பயிற்சி, அப்புறம் பரீட்சை. ஐம்பது கேள்வி, சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ், தமிழிலேயே எழுதலாம். நான் 35-க்கு நிறைய மேலேயே எடுத்தேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன், வேறு எங்கேயும் சொல்ல வாய்ப்பு வரவில்லை. கோடு வந்த அன்று கிளையில் கேட்டேன், “சம்பளம் எந்தத் தேதி போடுவீங்க?” பக்கத்து டேபிள் பையன் சிரித்தே விட்டான். சேல்ஸ் மேனேஜர் மட்டும் சிரிக்காமல், “அக்கா, நீங்க வேலைக்குச் சேரல, சொந்தமா பிசினஸ் ஆரம்பிச்சிருக்கீங்க. நீங்கதான் முதலாளி” என்றார். திரும்பிப் போக பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த முதலாளி.

சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, லீவு கிடையாது. பெட்ரோல், ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ், வருஷத்துக்கு ஒரு தடவை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டர், எல்லாம் நம் கைக்காசு. 2021-இல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசு அறிவித்தபோது ஊரில் யார் யாரோ கிண்டல் செய்தார்கள். என் தொழிலில் முதலீடு பாதியாகக் குறைந்தது அன்றைக்குத்தான்.

முதல் வாரமே ஒரு நோட்டைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேர் பெயரை எழுதச் சொன்னார்கள். சித்தப்பா, அத்தை, மச்சான், பையனின் ஸ்கூல் டீச்சர், மகளிர் குழுவில் இருக்கும் பதினாலு பேர், பழைய கடை முதலாளி, எல்லாரையும் எழுதினேன். எழுதும்போது புரியவில்லை, பிறகுதான் புரிந்தது: கம்பெனிக்கு என்னைவிட அந்த நூறு பெயர்தான் வேண்டியிருந்தது. புதிதாகச் சேரும் ஏஜெண்ட் முதல் ஆறு மாசத்தில் சொந்தக்காரர்களுக்கு ஏழெட்டு பாலிசி போடுவார், பட்டியல் தீரும், அவர் வீட்டில் உட்கார்ந்துவிடுவார், அடுத்த நோட்டீஸைக் கம்பத்தில் ஒட்டுவார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் பதினேழு பேர், இன்றைக்கு இருப்பது நானும் கொருக்குப்பேட்டையில் ஒரு தம்பியும். போனவர்கள் போட்ட பாலிசிகள் எல்லாம் கேட்க ஆள் இல்லாமல் கிடக்கின்றன. பெரம்பூர் வாசகரின் ஏஜெண்ட் போனை எடுக்காததற்குக் காரணம் அவர் ஏமாற்றுக்காரராக இருப்பதால் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியும் இருக்கலாம். ஆனால் அவர் இப்போது மாதவரத்தில் ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் நன்றாகச் சம்பாதித்த ஒரே வருஷம் 2020. ராயபுரம் மண்டலத்தில் கொரோனா எண்ணிக்கை தினமும் டி.வி.யில் முதலில் வந்துகொண்டிருந்த நேரம். ஜூலையில் கொரோனா கவச் பாலிசி வந்தது. ஊரே கதவை மூடிக்கொண்டு இருக்க என் போன் மட்டும் ஓயவில்லை. அதற்கு முன்னால் என் போனை எடுக்காத சித்தப்பா அவரே கூப்பிட்டார். அதெல்லாம் சில மாசத்துக்கான பாலிசி, பயம் போனதும் பாலிசியும் போனது, கமிஷனும் போனது.

கணக்குக்கு வருகிறேன். ஒரு குடும்பத்துக்கு, புருஷன் பொண்டாட்டி இரண்டு பிள்ளைகள், வருஷப் பிரீமியம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 15 சதவீதம், 3,000 ரூபாய். அந்த ஒரு குடும்பம் சரி என்று சொல்வதற்கு எத்தனை வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது மாசத்துக்கு மாசம் மாறும், இருபதுக்குக் குறைந்து எனக்கு நினைவில்லை. முன்பு இந்தப் பதினைந்துதான் சட்டப்படி உச்சவரம்பு. 2023 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்த வரம்பை எடுத்துவிட்டது, கம்பெனியின் மொத்தச் செலவுக்கு மட்டும்தான் இப்போது வரம்பு. கூட்டத்தோடு பிசினஸ் கொண்டுவருபவர்களுக்கு அதில் லாபம் இருந்திருக்கலாம். எனக்கு அதே பதினைந்துதான்.

அந்தப் பதினைந்தும் போன வருஷம் குறைந்தது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியில் இருந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 18 சதவீதம் அப்படியே எடுபட்டது. மக்களுக்கு நல்லது, நானே முந்நூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் ஸ்வீட் படம் போட்டு அனுப்பினேன். அடுத்த மாச ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் தொகை இளைத்திருக்கிறது. கேட்டதற்கு, பிரீமியத்தில் வரி இல்லாததால் எங்கள் கமிஷனுக்குக் கம்பெனி கட்டும் வரியை இனிமேல் கழித்துக்கொள்ள முடியாதாம், அதனால் எங்கள் கமிஷனே வரியையும் சேர்த்துத்தானாம். 3,000 வந்த இடத்தில் 2,542. சுருக்கமாகச் சொன்னால் வாடிக்கையாளருக்குக் கிடைத்த தள்ளுபடியில் ஒரு பங்கை என்னிடம் வசூலித்துவிட்டார்கள்.

சரி, சுகர் விஷயம்.

இப்போது பாலிசி போடுவதெல்லாம் போன் ஆப்பில்தான். பேர், வயசு, ஆதார், அப்புறம் ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி: சுகர் உண்டா, பி.பி. உண்டா, தைராய்டு, ஆஸ்துமா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ அமுக்கினால் பத்து நிமிஷத்தில் பாலிசி வாட்ஸ்அப்பில் வந்துவிடும், அந்த மாசக் கணக்கில் எனக்குக் கமிஷனும் ஏறிவிடும். சுகருக்கு ‘ஆம்’ அமுக்கினால் ஃபைல் மேலே போகும், ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், லோடிங் என்று பிரீமியத்தைக் கூட்டுவார்கள், வாடிக்கையாளர் ‘இவ்ளோவா, வேணாம்மா’ என்பார், இல்லையென்றால் கம்பெனியே வேண்டாம் என்று திருப்பி அனுப்பும். மூன்று வாரம் அலைந்த எனக்குப் பூஜ்யம். உண்மையைச் சொன்னால் பூஜ்யம், பொய்யை அமுக்கினால் இரண்டாயிரத்துச் சொச்சம், இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஏஜெண்டுகளுக்கு மாசாமாசம் நேர்மை பற்றி ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பார்கள். சமோசாவும் உண்டு.

வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன். அக்கா வீட்டு வழியில் பழக்கம். அவர் எதையும் மறைக்கவில்லை. “சுகர் மாத்திரை போடுறேன்மா, மூணு வருஷமா” என்று டி.வி. மேலே இருந்த அட்டையையே எடுத்துக் காட்டினார். அன்று மார்ச் 31. என் டார்கெட்டுக்கு ஒரு பாலிசி குறைந்தது, அது வந்தால் மேனேஜருக்கும் ஏதோ ஒரு ஸ்லாப் தாண்டும். வெளியே படிக்கட்டில் நின்று போன் போட்டேன். “கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி மாத்திரைதானேக்கா? ரெக்கார்டு ஒண்ணும் இருக்காது. இல்லன்னு போடுங்க” என்றார் மேனேஜர். உள்ளே வந்து ‘இல்லை’ அமுக்கினேன். மேனேஜர் சொன்னார் என்று எழுதுகிறேனே தவிர அமுக்கிய விரல் என்னுடையது. “அண்ணா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க” என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனால் வந்த மெசேஜ் ஆங்கிலம், மகள் போனைப் பார்த்து நம்பரை மட்டும் சொன்னாள். அது கையெழுத்துக்குச் சமம் என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. “கம்பெனியிலேர்ந்து போன் பண்ணித் தமிழ்ல கேப்பாங்க, எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லிடுங்க அண்ணா” என்று அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினாலு மாசம் கழித்து அவருக்குக் காலில் புண், சீழ் பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கேஷ்லெஸ், அதாவது பில்லைக் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் வசதி, கேட்டதற்குக் கம்பெனி திருப்பிக் கேட்டது, எத்தனை வருஷமாக சுகர்? டாக்டர் உள்ளதை எழுதினார், நாலு வருஷம். அவ்வளவுதான். கிளெய்ம் இல்லை, பாலிசியும் ரத்து. 1,86,000 ரூபாய் பில். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை அடகுக் கடைக்குப் போனது. நான் அந்தப் பாலிசியில் வாங்கிய கமிஷன் 2,310 ரூபாய்.

விவரம் தெரிந்தவர்கள் ஒன்று கேட்பார்கள். சுகர் இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராமல் காத்திருக்க வைக்கும் வெயிட்டிங் பீரியட் உண்டே, பதினாலாவது மாசத்தில் எப்படியும் பணம் வந்திருக்காதே என்று. உண்மைதான், அந்தத் தடவை வந்திருக்காது. ஆனால் பாலிசி உயிரோடு இருந்திருக்கும். காத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் சுகருக்கும் அது நின்றிருக்கும், நடுவில் டெங்கு வந்தாலோ விபத்து நடந்தாலோ உதவியிருக்கும். இப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ‘முன்பு பாலிசி ரத்தானது உண்டா’ என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டும், எந்தக் கம்பெனியும் தொடாது. அதை நான் செய்தேன். அவர் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மார்க்கெட்டில் பார்த்தால் ‘நல்லா இருக்கியாம்மா’ என்று கேட்கிறார். அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்குப் பத்து நிமிஷம் மிச்சம், இன்றைக்கும் சுற்றித்தான் போகிறேன்.

அதற்குப் பிறகு நான் ஆம், இல்லை பக்கத்தை அமுக்குவதில்லை. போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் படித்துச் சொல்கிறேன், அவர்களே அமுக்கட்டும். சிலருக்குக் கோபம் வரும். “இன்னாம்மா, போலீஸ் மாதிரி கேக்குற?” என்று புதுவண்ணாரப்பேட்டையில் ஒருவர் எழுந்தே போய்விட்டார். சிலர் என் முன்னாலேயே பொய்யை அமுக்குகிறார்கள், பக்கத்தில் மாத்திரை டப்பாவை வைத்துக்கொண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும், எல்லாப் பொய்யும் ஏஜெண்ட் சொல்வது இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ‘வேறு ஆளைப் பாருங்கள்’ என்று வந்துவிடுகிறேன், வேறு ஆள் அன்று சாயங்காலமே போய்ப் போட்டுவிடுகிறார். பாதிக் கமிஷனையும் வாடிக்கையாளருக்கே திருப்பிக் கொடுத்திருப்பார். அப்படித் திருப்பிக் கொடுப்பது காப்பீட்டுச் சட்டம் 41-ஆம் பிரிவுப்படி குற்றம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். எங்கள் பக்கத்தில் அதைக் காய்கறிக் கடையில் கொத்தமல்லி கேட்பது போலக் கேட்கிறார்கள். “உனக்கு வர்றதுல எனக்கு இன்னா தருவே?”

விற்பதற்காவது கமிஷன் உண்டு, கிளெய்முக்கு ஓடுவதற்கு அதுவும் கிடையாது. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா, என் பழைய வாடிக்கையாளர். பித்தப்பையில் கல். பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று போன்ற சிலவற்றுக்கு நிறைய பாலிசிகளில் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், புதிதாக வந்த நோயாக இருந்தாலும். அக்காவுக்கு அந்த இரண்டு வருஷம் முடிய இருபது நாள் பாக்கி. வலி தாங்கவில்லை, உடனே ஆபரேஷன் என்கிறார்கள் வீட்டில். டாக்டரிடம் போய், அவசரமா, மூன்று வாரம் தாங்குமா என்று கேட்டு, அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தாங்கும், ஜுரமோ வாந்தியோ வந்தால் மட்டும் உடனே வா என்று சொன்ன பிறகு, தினமும் போன் போட்டு ஜுரம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே அந்த இருபது நாளைக் கடத்தினோம். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று காலை பதினோரு மணிக்கு பில் அனுப்பினார்கள். கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதையும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று 2024 மே மாசம் ஆணையம் சொல்லிவிட்டது. சொன்னது சொன்னபடி இருக்கிறது, நாங்கள் வரவேற்பறை நாற்காலியில் ராத்திரி ஏழு மணி வரை இருந்தோம். இன்சூரன்ஸ் டெஸ்க் பையனிடம் நாலு தடவை, கால்சென்டருக்கு ஆறு தடவை. அக்காவின் மகனுக்கு அன்றைக்கு லீவு, சம்பளப் பிடித்தம் இல்லை. எனக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. பில் கட்டாமல் அக்கா வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு வஞ்சிர மீன் வீட்டுக்கு வந்தது. அந்த மாசம் கிளெய்முக்கு ஓடியதில் என் வருமானம் அந்த மீன் மட்டும்தான்.

இன்னொன்று, இதைச் சொன்னால் கிளையில் என்னை வெட்டிப்போடுவார்கள். எங்கள் பகுதியில் நிறையப் பேருக்கு நான் விற்கும் பாலிசியே முதலில் தேவையில்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை உண்டு, ஒரு பைசா பிரீமியம் கிடையாது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். மணலி பக்கம் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்களிடம் முதலில் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்வேன். 21,000-க்குள் சம்பளம், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வருவேன். பிடித்தம் நடப்பதே தெரியாமல் வருஷக்கணக்காக இருப்பவர்கள் உண்டு. ஒருமுறை கூட வந்த மேனேஜர் வாசலைத் தாண்டியதும், “நீங்க எந்தக் கம்பெனிக்கு வேலை செய்றீங்கக்கா?” என்றார். நான் வேலையே செய்யவில்லை, பிசினஸ் செய்கிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, அடுத்த வாரம் ஒரு ஃபைல் அவர் கையில் நின்றுகொண்டிருந்தது.

இந்தத் திட்டங்களின் வருமான வரம்புக்கு மேலே இருப்பவர்கள், ஆனால் ஒரு லட்ச ரூபாய் பில் வந்தால் கவிழ்ந்துவிடுபவர்கள், அவர்களுக்குத்தான் இந்தப் பாலிசி. கடை வைத்திருப்பவர்கள், வேன் ஓட்டுபவர்கள், டெய்லர்கள். அவர்கள்தான் மலிவாகக் கேட்கிறார்கள், மலிவான பாலிசியில்தான் ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கும். 3 லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் ரூம். நோயாளி கிடக்கும் அவசரத்தில் 6,000 ரூபாய் ரூமில் படுக்க வைத்துவிட்டால், வித்தியாசம் மூவாயிரம்தானே கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவு உட்பட பலவற்றை அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். இதைப் பாலிசி விற்கும்போது சொல்ல எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது. சொல்லாமல் விற்பவருக்கு இரண்டு நிமிஷம். இரண்டு பேருக்கும் கமிஷன் ஒன்றுதான்.

எனக்கே முதல் வருஷம் ஹெல்த் பாலிசி கிடையாது, தெரியுமா? ஊருக்கெல்லாம் ‘நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வருஷம்தான் எடுத்தேன். கொரோனா பணத்தில்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகளுக்காக 2023 டிசம்பரில் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது, நல்ல காரியம். வெயிலில் அதே ரோட்டில் அலையும் எங்களுக்கு எந்த வாரியத்தில் இடம் என்று யாராவது யோசிக்கட்டும். கிளெய்முக்கு ஓடும் வேலைக்கு, அது நடந்தது என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால், ஒரு தொகை கொடுங்கள், ஐநூறு ரூபாயாக இருந்தாலும் சரி. கொடுத்துப் பாருங்கள், எத்தனை ஏஜெண்டுகள் போனை எடுக்கிறார்கள் என்று. அப்புறம், ஆசிரியருக்கு ஒன்று: ‘மாதம் 25,000, நேரக் கட்டுப்பாடு இல்லை’ என்ற அந்த விளம்பரம் கம்பத்தில் மட்டும் இல்லை, உங்கள் பத்திரிகையின் வரி விளம்பரங்களிலும் வேலைவாய்ப்பு என்ற தலைப்பின் கீழே வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று எண்ணினேன். அதைக் கமிஷன் மட்டும் என்று போடச் சொல்லக் கூடாதா?

வாசகர்களுக்கு, ஏஜெண்ட் உங்கள் வீட்டுக்கு வந்தால் டீ கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஓ.டி.பி. சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்விப் பக்கத்தை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். பாலிசியோடு சேர்த்து எளிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும், தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழிலேயே தர வேண்டும், கேளுங்கள். கேட்டால் எங்களுக்குத்தான் வேலை, ஆனாலும் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் படித்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், என் கமிஷனைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள், அது உங்கள் கவலை இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 2024 ஏப்ரலுக்கு முன்பு நாலு வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம், இப்போது மூன்று வருஷத்துக்கு மேல் முடியாது. மூன்று வருஷத்துக்குப் பயந்து ஏன் பொய் சொல்கிறீர்கள்?

கடைசியாக அந்தப் பெரம்பூர் வாசகருக்கு. அப்பாவின் பாலிசி விடாமல் எத்தனை வருஷம் ஓடியது என்று முதலில் பாருங்கள். ஐந்து வருஷம் முடிந்திருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, அதை மறைத்தாய் இதை மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது. அதற்குள் என்றாலும் விட்டுவிடாதீர்கள். பாலிசி எடுத்தபோது யார் என்ன கேட்டார்கள், யார் அமுக்கினார்கள், சரிபார்க்கக் கம்பெனியில் இருந்து வந்த போனில் என்ன பேசினார்கள், எல்லாவற்றையும் எழுதிக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள், அந்தப் போன் பேச்சின் பதிவையும் கேளுங்கள். ஒரு மாசத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மறுத்த கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரையிலான வழக்கைப் பார்க்கிறார்கள், ஃபீஸ் இல்லை, வக்கீல் வேண்டாம். ஆபீஸ் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது, நம் பக்கத்தில் இருந்து வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராகத் தேனாம்பேட்டை. நீங்கள் எனக்கு வாடிக்கையாளர் இல்லை, இதில் எனக்கு ஒரு ரூபாயும் வராது, அது எனக்குப் பழக்கம்தான். பேப்பர் படிக்க ஆள் வேண்டும் என்றால் பத்திரிகை அலுவலகத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கிளையில் மீட்டிங்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.